முப்பந்தல் காற்றில் ஒரு மைக்

முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைதான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கியடித்து நுழையும் ஆடி மாதத்தில் அங்கே வீடியோ எடுத்துப் பாருங்கள். படம் பளிச்சென்று இருக்கும். ஒலியில் யாரோ ஈரப் போர்வையை உதறுகிற மாதிரி 'டப டப' மட்டும்தான் கேட்கும். கேமராவோடு வரும் மைக்கின் லட்சணம் அது. நாலு பக்கச் சத்தத்தையும் வாங்கும், ஜூம் மோட்டாரின் முனகல் உட்பட.

தனி மைக் கேட்டால் கடைக்காரர் நீளமான ஷாட்கன் மைக்கை எடுத்து வைப்பார். அது பக்கவாட்டுச் சத்தத்தைத் தணிக்கும், தூரத்தைச் சுருக்காது. திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். இந்தக் கணக்கு எந்த மைக்குக்கும் மாறாது. ஷாட்கனைக் கேமராவின் தலையில் மாட்டிக்கொண்டு 20 அடி தள்ளி நிற்பதைவிட, மலிவான மைக்கைப் பாட்டுக்காரர் பக்கத்தில் வைப்பது மேல்.

ஆனால் கோவில் கொடைத் திருவிழாவில் நான் எடுக்கும் வில்லுப்பாட்டு லேசில் பிடிபடாது. வில்லின் மணிகள் கணீரென்று மேலே நிற்கும், குடம் அடிவயிற்றில் 'கும்'மென்னும், உடுக்கை நடுவில் புகுந்து விளையாடும். பாடும் புலவரின் சட்டையில் காலர் மைக் குத்தினால் குரல் தெளியும். மணிச் சத்தம் காதைக் கிழிக்கும், குடம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். காற்றுக்குப் பயந்து லோ கட் பொத்தானைத் தட்டினாலும் முதலில் மெலிவது அந்தக் குடம்தான். அதனால் நான் பொத்தானைத் தொடுவதில்லை. பொசுபொசுவென்ற ரோம உறையைத்தான் மாட்டுவேன். பஞ்சு உறை கல்யாண மண்டபத்துக்குப் போதும்.

மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து வயர் வாங்கலாமே? வாங்கலாம். எல்லா வாத்தியமும் அங்கே ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ஆனால் அந்த வயரில் வருவது லைன் அளவு. மைக் ஓட்டையில் நேரே சொருகியதில் ஒரு கொடை முழுவதும் எனக்குக் கரகரவென்று போனது. ஒலியைக் குறைத்துத் தரும் அட்டென்யுவேட்டர் வயர் நடுவில் வேண்டும்.

வாங்கப் போகும்போது கேமராவையும் எடுத்துப் போங்கள். 3.5 மில்லிமீட்டர் மைக் ஓட்டையே இல்லாத ஹேண்டிகேம் உண்டு. செல்போனுக்கான மைக் பின்னில் மூன்று வளையம், கேமராவுக்கானதில் இரண்டு. 48 வோல்ட் கேட்கும் ஸ்டுடியோ மைக் இந்த ஓட்டையில் வேலை செய்யாது.

கோவில் ஸ்பீக்கர் முழங்கும் இடத்தில் ஹெட்போனில் ஒன்றும் புரியாது. ஒரு நிமிஷம் எடுத்துவிட்டு, நாலு வீடு தள்ளிப் போய்ப் போட்டுக் கேட்டுவிட்டு வருவேன். அதற்குள் காப்புப் பாட்டு முடிந்திருக்கும்.