அட்டபந்தனம் – சொல்லும் பொருளும்

கோயில் கருவறையில் இறைத் திருமேனிக்கும் அதன் பீடத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியை அடைக்கப் பயன்படும் சாந்து அட்டபந்தனம் ஆகும். சிவலிங்கத்தில், மேலே தெரியும் பாணமும் அதைத் தாங்கும் ஆவுடையாரும் சேரும் இடத்தில் இது சாத்தப்படுகிறது. 'அஷ்டபந்தனம்' என்றும் எழுதுவர்.

சொற்பிறப்பு

இது வடசொல். அஷ்ட என்றால் எட்டு. பந்தனம் என்றால் கட்டுதல், பிணைத்தல். கஷ்டம் கட்டம் ஆனதுபோல, நஷ்டம் நட்டம் ஆனதுபோல, அஷ்ட என்பது தமிழில் அட்ட ஆயிற்று. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் உள்ள அட்டலிங்கங்களின் பெயரிலும் இதே சொல்தான் முன்னால் நிற்கிறது.

பந்தம், சம்பந்தம் ஆகியவை பந்தனத்தின் உறவுச் சொற்கள். தீபத் திருவிழாவில் போலீசார் போடும் பந்தோபஸ்து பாரசீகம் வழியாக வந்தது. அதுவும் இதே வேரினது. புத்தகத்துக்குப் போடும் 'பைண்டிங்' என்ற ஆங்கிலச் சொல்லும் இந்தக் குடும்பமே.

எட்டுப் பொருள்கள்

கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் பொதுவாகச் சொல்லப்படுபவை. அரக்கும் குங்கிலியமும் ஒட்டும் பிசின்கள். சுண்ணாம்புக் கல்லான சுக்கானும் காவியும் சாந்துக்குத் திண்மை தருகின்றன. பஞ்சு நாராக நின்று பிடித்துக்கொள்கிறது. மெழுகும் வெண்ணெயும் குழைவு தருகின்றன. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கம் செந்நிறமானது.

இவற்றை இடித்து இடித்து இளக்குவார்கள். பதம் வந்ததும் கயிறுபோல் திரித்து, இடைவெளியில் வைத்து அழுத்துவார்கள். நாளடைவில் அது இறுகிவிடும்.

தமிழ் வழக்கு

கோயில் வழக்கில் இதனை 'மருந்து சாத்துதல்' என்பர். நோய்க்குக் கொடுப்பது மட்டும் மருந்து அன்று. பல பொருள்களை அளவாகக் கூட்டிச் செய்ததையும் மருந்து என்பது நம் வழக்கம். வெடிமருந்து என்பதை நினைத்துப் பார்க்கலாம். சாத்துதல் என்பது மாலை சாத்துதல், சந்தனம் சாத்துதல் என்பதுபோல் இறைவனுக்குச் செய்வதைக் குறிக்கும் மரியாதைச் சொல்.

ஏன் தேவை?

நாள்தோறும் நடக்கும் அபிடேகத்தில் நீரும் பாலும் எண்ணெயும் அந்த இணைப்பின் மீது வழிகின்றன. மருந்து தேய்ந்தால் அவை பீடத்துக்கு அடியில் இறங்கும். திருமேனியின் பிடிப்பும் தளரும். அதனால் பழைய மருந்தை நீக்கிப் புதியது சாத்துவார்கள். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது மரபு. திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயில் குடமுழுக்கு 2017 பிப்ரவரி 6 அன்று நடைபெற்றது.

பொருள் மயக்கம்

'அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம்' என்று சுவரொட்டிகளில் படிக்கும் மாணவர்கள் அட்டபந்தனம் என்பதை விழாவின் பெயர் என்றோ, எட்டுத் திசைக்கும் போடும் காவல் என்றோ எண்ணிவிடுகிறார்கள். கும்பாபிஷேகம் என்பது குட நீரால் ஆட்டுதல். அட்டபந்தனம் என்பது அதற்கு முன் நடக்கும் கைவேலை. கோபுரத்துக் கலசத்தில் ஊற்றும் நீரை ஊரே அண்ணாந்து பார்க்கிறது. கருவறைக்குள் சாத்திய மருந்தோ யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் விழா முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் திருமேனியைப் பீடத்தோடு பிணைத்து வைத்திருப்பது அதுதான்.