தோற்றவருக்குக் கிடைத்த மந்திரி பதவி

பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடிக்கிறது. பையன் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறான். சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வருவானா? வர மாட்டான். அவனுக்குப் பள்ளிக்கூடம் அரை நாள்தான்!

1953-ம் ஆண்டு சென்னை ராஜ்யத்துக் கிராமங்களில் வந்த புதிய ஏற்பாடு இது. கொடுமுடி அப்போது கோவை ஜில்லாவைச் சேர்ந்தது. ஈரோடு மாவட்டம் பிறந்தது 1979-ல்தான். கொடுமுடியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இருந்த குடியானவர்களும், நெசவாளர்களும், கூலிக்காரர்களும் தங்கள் பிள்ளைகளை நினைத்து யோசிக்க வேண்டிய காலம் அது.

அரை நாள் படிப்பு

முதல்-மந்திரியாக இருந்தவர் ராஜாஜி. அரசாங்கத்திடம் பணம் குறைவு. பள்ளிக்கூடமும் குறைவு. பிள்ளைகளோ அதிகம். எனவே ஒரு பகுதியினர் காலையில் படிக்கட்டும், மறு பகுதியினர் பிற்பகலில் படிக்கட்டும் என்றார் அவர். மீதி நேரத்தில் தகப்பன் செய்யும் தொழிலைப் பிள்ளை கற்றுக்கொள்ளட்டும். கைத்தொழில் கேவலம் அல்ல என்பது அவருடைய எண்ணம்.

எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. சலவைத் தொழிலாளியின் மகன் துணி வெளுக்கத்தான் வேண்டுமா? செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத்தான் தைக்க வேண்டுமா? இப்படிக் கேட்டார்கள். ‘குலக் கல்வித் திட்டம்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பெரியார் ஊர் ஊராகப் போய் எதிர்த்தார். தி.மு.க.வும் கம்யூனிஸ்டுகளும் எதிர்த்தார்கள். கடைசியில் ராஜாஜியின் சொந்தக் கட்சியான காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு முற்றியது.

நாற்காலிக்குப் போட்டி

பதவியில் இருப்பவரை எதிர்த்து வேறொருவர் கிளம்புவது உலகத்தில் புதிது அல்ல. அமெரிக்காவில் 1932-ல் நியூயார்க் கவர்னர் ரூஸ்வெல்ட், ஜனாதிபதி ஹூவரை எதிர்த்து நின்று ஜெயித்தார். ஜார்ஜியா கவர்னர் ஜிம்மி கார்ட்டர் நிலக்கடலை விவசாயி. கவர்னராக இருந்தபோதே, 1974-ல், ஜனாதிபதி தேர்தலில் நிற்கப் போவதாக அறிவித்தார். 1976-ல் ஜனாதிபதி போர்டைத் தோற்கடித்தார். ஹூவரும் போர்டும் பதவியை விட்டு வீட்டுக்குப் போனார்கள்.

சென்னையில் நடந்தது வேறு விதம். இங்கே ராஜாஜிக்கு எதிராக நின்றவர்கள் தேடிப் போன தலைவர் காமராஜர். அவர் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர். அதுவரை மந்திரி பதவி எதிலும் உட்காராதவர். விருதுநகரில் பிறந்து, சிறு வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு, மாமாவின் துணிக்கடையில் வேலை பார்த்தவர். பள்ளிக்கூடம் பாதியில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை!

1954 மார்ச் மாதம் ராஜாஜி விலக முடிவு செய்தார். உடல்நலத்தைக் காரணமாகச் சொன்னார். ஆனால் அவருடைய ஆதரவாளர்கள் சும்மா இருக்கவில்லை. சி.சுப்பிரமணியத்தைப் போட்டிக்கு நிறுத்தினார்கள். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம்.

சி.சுப்பிரமணியம் யார்? பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்தவர். சுதந்திரப் போரில் சிறைக்குப் போனவர். ராஜாஜியின் மந்திரி சபையில் மந்திரி. அப்போது வயது 44.

சொந்த ஜில்லாக்காரர் முதல்-மந்திரியானால் கொடுமுடிக்கும் பெருமைதான். ஆனால் அங்கே முடிவாக வேண்டியது ஒருவருடைய பதவி மட்டும் அல்ல. கிராமத்துப் பிள்ளை முழு நாள் படிப்பதா, அரை நாள் படிப்பதா என்பதும் அதில் அடங்கியிருந்தது.

காங்கிரஸ் சட்டசபைக் கட்சி கூடியது. ஓட்டுப் போட்டார்கள். எண்ணினார்கள்.

காமராஜருக்கு 93 ஓட்டு. சுப்பிரமணியத்துக்கு 41 ஓட்டு.

ஜெயித்தவர் செய்த காரியம்

1954 ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் முதல்-மந்திரியானார். அவரையும் சேர்த்து மந்திரிகள் எட்டே பேர். அந்தப் பட்டியலைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எதிர்த்து நின்ற சுப்பிரமணியம் அதில் இருந்தார்! அவரை முன்மொழிந்த பக்தவத்சலமும் இருந்தார்!

அதுவும் ஒப்புக்குக் கொடுத்த இலாகாவா? இல்லை. சுப்பிரமணியத்திடம் நிதி இலாகாவையே ஒப்படைத்தார் காமராஜர். அதோடு கல்வி இலாகாவும் அவரிடமே வந்தது. எதிர்த்தவன் ஒழிந்தான் என்று நினைக்காமல், திறமைசாலி கிடைத்தான் என்று நினைத்தார் காமராஜர். தோற்றவரும் மனக்கசப்பை வளர்க்காமல் வேலையில் இறங்கினார். ஜெயித்தவருக்கு எவ்வளவு மனசு வேண்டுமோ, அவ்வளவு மனசு தோற்றவருக்கும் வேண்டும் அல்லவா?

அடுத்த மாதமே, மே 1954-ல், அரை நாள் படிப்புத் திட்டம் கைவிடப்பட்டது. ராஜாஜியின் மந்திரி சபையில் இருந்த அதே சுப்பிரமணியம்தான் அப்போது கல்வி மந்திரி!

பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு வந்தது. ஊர் மக்களே பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சும் கரும்பலகையும் வாங்கித் தந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கொங்கு நாட்டின் வறண்ட நிலங்களுக்காகப் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் உருவானது. மேற்கே ஓடிய மலைத் தண்ணீரைப் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் திருப்பிய அந்தத் திட்டத்தில் சுப்பிரமணியத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1962-ல் அவர் டில்லிக்குப் போனார். 1964-ல் உணவு, விவசாய மந்திரியானார். நாட்டில் பஞ்சம் மிரட்டிய சமயம். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வரவழைக்கப்பட்டது. பசுமைப் புரட்சிக்கு அவர் போட்ட அடித்தளம் அது. 1954-ல் தோற்றதோடு அவரை ஒதுக்கி வைத்திருந்தால் இந்த வழி அவருக்குத் திறந்திருக்குமா?

இருவரும் கடைசி வரை ஒரே அணியில் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1969-ல் காங்கிரஸ் இரண்டாக உடைந்தபோது காமராஜர் ஒரு பக்கம், இந்திரா காந்தியோடு சுப்பிரமணியம் மறுபக்கம். அரசியலில் அதுவும் உண்டு. ஆனால் சேர்ந்து உழைத்த அந்த எட்டு வருஷத்தின் பலன் ஊருக்கு மிஞ்சியது.

ராஜாஜிக்கு 1954-ல் பாரத ரத்னா விருது கிடைத்தது. காமராஜர் காலமான பிறகு, 1976-ல் அவருக்கு வழங்கப்பட்டது. சுப்பிரமணியத்துக்கு 1998-ல் கிடைத்தது. விலகியவர், ஜெயித்தவர், தோற்றவர் மூவரையும் நாடு ஒரே விருதால் கௌரவித்தது.

கொடுமுடிப் பக்கத்துப் பள்ளிகளில் இன்றும் மத்தியான மணி அடிக்கிறது. மணி கேட்டதும் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் உட்காருகிறார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, மறுபடியும் வகுப்புக்குப் போகிறார்கள்.