சருகுமான் ஓட்டும் கால எந்திரம்

அக்கரையில் பழம் பழுத்துத் தொங்குகிறது. இக்கரையில் பசியோடு ஒரு சருகுமான். நடுவே ஆறு, ஆறு முழுக்க முதலை. சருகுமான் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவிக்கிறது: "அரசர் சுலைமான் உங்களுக்கெல்லாம் விருந்து வைக்கிறார். எத்தனை பேர் என்று எண்ணிவரச் சொன்னார். வரிசையாக நில்லுங்கள்!" கரைக்குக் கரை முதலைகள் வரிசை கட்டுகின்றன. ஒன்று, இரண்டு, மூன்று என்று முதுகுமேல் தாவி எண்ணியபடியே அது அக்கரை போய்ச் சேர்கிறது. விருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை.

மலேசியாவில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் 'சாங் கஞ்சில்' என்ற இந்த மானைத் தெரியும். இரண்டு கிலோ தேறினால் பெரிது. கொம்பு கிடையாது. இருந்தும் மலாக்கா மாநிலச் சின்னத்தில் இரண்டு பக்கமும் அதுதான் நிற்கிறது. 1994-ல் பெரோடுவா நிறுவனம் தன் முதல் காருக்கும் அதன் பெயரையே வைத்தது.

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து கேரி தீவுக்குப் போகிறவர்கள் லங்காட் ஆற்றைக் கடந்தாக வேண்டும். பாலத்தில் நின்று, இரு கரையிலும் சேற்றில் வேர் ஊன்றிய கண்டல் மரங்களைப் பார்த்தால், அந்த முதலைக் கதை இங்கேதான் நடந்திருக்குமோ என்று தோன்றும். இந்த ஊர்ப் பிள்ளைகள் நாலு பேர் அந்த மானோடு சேர்ந்து பழைய காலத்துக்குள் குதித்தால் என்ன ஆகும்?

இப்படிப்பட்ட கதைகளுக்கு உலகத்தில் நூறு வயது தாண்டிவிட்டது. எச்.ஜி. வெல்ஸ் 'கால எந்திரம்' நாவலை வெளியிட்டது 1895-ல். அதில் பயணம் போனவர் பெரியவர். பிள்ளைகளை அனுப்பி வைத்தவர்களில் முன்னோடி ஈ. நெஸ்பிட் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர். 1906-ல் வந்த அவருடைய தாயத்துக் கதையில் நான்கு குழந்தைகள் பழைய எகிப்துக்கும் பாபிலோனுக்கும் போகிறார்கள். கூடவே சாமியட் என்ற பேசும் மணல் பூதம். நத்தைபோல நீண்ட கண், வௌவால் காது, எதற்கெடுத்தாலும் சிடுசிடுப்பு. ஜப்பானில் 1969 கடைசியில் தொடங்கிய 'டோரேமான்' படக்கதையில் அந்த வேலையை எந்திரப் பூனை எடுத்துக்கொண்டது. இருபத்திரண்டாம் நூற்றாண்டிலிருந்து வந்த அந்தப் பூனையின் கால எந்திரம், நோபிதா என்ற பையனின் மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது.

விலங்கு எதற்கு? பிள்ளைகள் மட்டும் போனால் போதாதா?

முதல் சிக்கல் மொழி. ஐந்நூறு வருடம் பின்னால் போய் இறங்கும் பையனுக்கு அங்குள்ளவர் பேசுவது புரியாது. டோரேமான் தன் வயிற்றுப் பையிலிருந்து கொன்யாக்கு என்ற தின்பண்டத்தில் ஒரு துண்டை எடுத்து நீட்டும். தின்றால் எந்த மொழியும் புரியும். மாயம் தெரிந்த விலங்கு ஒன்று கூட இருந்தால் எழுத்தாளருக்குப் பாதி வேலை மிச்சம். இரண்டாவது சிக்கல் காவல். அரண்மனைக்குள் தெரியாத பையன் நுழைந்தால் பிடித்துவிடுவார்கள். பூனையையோ மானையோ யார் தடுப்பது? மூன்றாவது, பாடம். வரலாற்றைப் பெரியவர் சொன்னால் வகுப்பறை வாடை அடிக்கும். அதையே ஒரு குறும்புக்கார விலங்கு தப்பும் தவறுமாகச் சொல்லி, பிள்ளைகள் அதைத் திருத்தினால் கதை நகரும்.

மலாய் மண்ணில் விலங்குகள் பேசியதில் தமிழுக்கும் பங்கு உண்டு. மலாய் உரைநடையின் முன்னோடி என்று பள்ளிப் புத்தகங்கள் போற்றும் முன்ஷி அப்துல்லா, மலாக்காவில் பிறந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கேயே மணம் முடித்தவர். மலாக்கா வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடத்தால், வசதியான வீட்டுப் பிள்ளைகளைத் தமிழ் படிக்க அனுப்புவது வழக்கமாம். தானும் இரண்டரை வருடம் படித்ததாகத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தத் தமிழ் 1835-ல் கைகொடுத்தது. தமிழ் நண்பர் ஒருவரின் துணையோடு பஞ்சதந்திரத்தைத் தமிழிலிருந்து மலாய்க்குக் கொண்டுவந்தார். 'ஹிகாயாட் பஞ்சா தண்டரான்' என்பது நூலின் பெயர். அதே கதைகள் பாரசீகம், அரபு வழியாகச் சுற்றிக்கொண்டு ஏற்கெனவே மலாய்க்கு வந்திருந்தன. அப்துல்லா பிடித்தது குறுக்கு வழி.

ஏறத்தாழ நூற்றைம்பது வருடம் கழித்து, 1983-ல், சருகுமான் தொலைக்காட்சிக்கு வந்தது. ஃபிலெம் நெகாரா மலேசியா தயாரித்த 'ஹிகாயாட் சாங் கஞ்சில்' நாட்டின் முதல் அசைவூட்டக் குறும்படம். இயக்கியவர் ஆனந்தம் சேவியர். கணினி வரைகலை வராத காலம். ஒவ்வோர் அசைவையும் கையால் வரைய வேண்டும். மான் ஒருமுறை தாவி விழுவதற்கே கட்டுக் கட்டாகத் தாள் ஆகும்.

ஷா ஆலாமின் லெஸ் கோபாக் நிறுவனம் 2011-ல் 'படா ஸமான் டாஹுலு' என்ற தொடரைத் தொடங்கியது. 'முன்னொரு காலத்தில்' என்று அர்த்தம். கிராமத்துத் தாத்தா வீட்டில் தங்கும் அரிஸ், ஆரா என்ற இரண்டு பிள்ளைகள். தாத்தா கதையை ஆரம்பித்ததும் காட்சி மாறும், விலங்குகள் பேசத் தொடங்கும். இந்தத் தொடரில் கால எந்திரம் தாத்தாவின் வாய்தான்.

தெலுக் பங்லிமா காராங்கைச் சுற்றி இப்படிப் பழைய காலத்துக்குள் இறங்கிப் பார்க்க இடத்துக்குப் பஞ்சமில்லை. தெற்கே ஜுக்ராவில் சிலாங்கூரின் நான்காவது சுல்தான் அப்துல் சமாட் வாழ்ந்தார், அங்கேயே அடக்கமும் ஆனார். 1879-ல் இசபெல்லா பேர்ட் என்ற ஆங்கிலப் பயணி லங்காட்டுக்கு வந்து அவரைச் சந்தித்துப் போனார். நான்கு வருடம் கழித்து அந்தப் பயணம் புத்தகமானது. கேரி தீவுக்கு அந்தப் பெயர் வந்தது ஒரு வெள்ளைக்காரத் தோட்டக்காரரால். அவருக்கெல்லாம் வெகு முன்னாலிருந்தே இந்தக் கரையோரம் மா மெரி பழங்குடி மக்களுடையது. அவர்கள் முன்னோர் ஆவிகளை மரத்தில் செதுக்குவார்கள். சங்கிலிப் புலி சிற்பத்தைக் கையில் வாங்கிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். வளையத்துக்குள் வளையம் கோத்த சங்கிலி, எங்கும் ஒட்டுப் போடாமல் ஒரே கட்டையில் குடைந்தது. பேச வாய் திறந்தால் அந்தப் புலியிடம் கதை இருக்கும்.

இன்னும் பின்னால் போக விரும்பும் பிள்ளைகள் மலாக்காவில், 1400 வாக்கில் இறங்கலாம். மன்னர் பரமேஸ்வரா ஒரு மரத்தடியில் இளைப்பாறும்போது, ஒரு வெள்ளைச் சருகுமான் அவருடைய வேட்டை நாயை உதைத்துத் தண்ணீரில் தள்ளியதாம். இத்தனை துணிச்சலான மண்ணா என்று மன்னர் அங்கேயே நகரம் அமைத்தாராம். மன்னர் மரத்தைக் காட்டி அதன் பெயரை விசாரித்துக்கொண்டிருப்பார். மானைச் சுற்றி ஒரே ஆரவாரமாக இருக்கும். பிள்ளைகள் அதையெல்லாம் விட்டுவிட்டு, உடம்பை உதறியபடி தனியாகக் கரையேறும் நாயிடம் போய் என்ன நடந்தது என்று கேட்கலாம்.