வீடே பள்ளியாகுமா?

கீழ்பென்னாத்தூரில் எனக்குத் தெரிந்த கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று, பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்க எண்ணுகிறது. ஜெபமும் ஞானோபதேசமும் வீட்டில் கற்பவைதாமே, கணக்கும் அறிவியலும் ஏன் கூடாது என்பது அவர்கள் வாதம். திருச்சபையும் அவர்கள் பக்கமே: பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது.

சட்டமோ வேறு பேசுகிறது. 2010 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயதுவரை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமையாக்கியது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை இல்லை என்பது விந்தையே! 14 வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

என் ஐயம் வேறு. தந்தை வேலைக்குப் போய்விடுவார். தாயோ எட்டாவதுவரை படித்தவர். இயற்கணிதம் சொல்லித்தரப்போவது யார்?