இராமேசுவரத்தில் ஜாகை எங்கே?

சென்ற வாரம் ஒரு நாள் அந்தி வேளையில், கிழக்கேகோட்டையில் பழவங்காடிப் பிள்ளையாரைத் தொழுதுவிட்டு வெளியே வந்தேன். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நம் சங்கத்து அன்பர் ஒருவர் எதிர்ப்பட்டார். கையிலே கைபேசி, முகத்திலே கவலை.

"அண்ணாச்சி, நல்ல சமயத்தில் வந்தீர்கள். பள்ளிக்கூடம் அடைத்ததும் குடும்பத்தோடு இராமேசுவரம் போகலாமென்று இருக்கிறேன். அம்மாவுக்கு எழுபத்தெட்டு ஆகிவிட்டது, நெடுநாள் ஆசை. பிள்ளைகளோ கடற்கரை விடுதிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். இதில் பார்த்தால் நூறு விடுதிகள் வருகின்றன. எல்லாவற்றிலும் 'கோயிலுக்கு அருகில்' என்றே போட்டிருக்கிறது. எதை நம்புவது?"

இதே கேள்வியை வெவ்வேறு அன்பர்கள் வெவ்வேறு சமயங்களில் என்னிடம் கேட்டதுண்டு. ஆகவே அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

தீவுக்குச் செல்வோர்க்கு ஜாகை என்பது சிறிய விஷயமன்று. மதுரையிலோ திருநெல்வேலியிலோ விடுதி பிடிக்கவில்லையென்றால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். தீவில் அது எளிதன்று. பாம்பனில் பாலம் ஏறி இறங்கினால் ஊர் வரை முதன்மையான சாலை ஒன்றே. அச்சாலையில் எங்கே பெட்டியை இறக்கி வைக்கிறோமோ, அதைப் பொறுத்தே நம்முடைய மூன்று நாட்களும் அமையும்.

அதோடு, ஒரு தீவுக்கு எல்லாப் பக்கமும் ஒரே கடல் அன்று. மேற்கிந்தியத் தீவுகளுக்கு உல்லாசப் பயணம் போகும் வெள்ளைக்காரர்களும் முதலில் இதைத்தான் விசாரிக்கிறார்கள். பார்படோஸ் தீவின் கிழக்குக் கரையில் அட்லாண்டிக் பெருங்கடல் காற்றோடு வந்து மோதி ஆர்ப்பரிக்கும். மேற்குக் கரையிலோ நீர் குளம்போல் கிடக்கும். நீந்த விரும்புவோர் மேற்கே தங்குவர். அலையைப் பார்க்க விரும்புவோர் கிழக்கே போவர். (அத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த மார்த்தினிக்குக்கு 1853ஆம் ஆண்டிலும், குவாதலூப்புக்கு 1854ஆம் ஆண்டிலும் புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து நம்மவர்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப் போனார்கள். அவர்களுக்கு எந்தக் கரையில் தங்குவது என்று யாரும் கேட்கவில்லை. அது வேறு கதை.)

நம் இராமேசுவரத்தார் இந்த நுட்பத்தை இரண்டே சொற்களில் அடக்கி வைத்திருக்கிறார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். வடக்கே பாக் நீரிணை, பெண் கடல். தென்மேற்குக் காற்று வீசும் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் ஆண் கடல் பொங்கும். அப்போது பெண் கடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று எழுந்தால் பெண் கடலும் சீறக்கூடும். ஆகையால் "கடல் தெரியும் அறை" என்று விளம்பரம் செய்தால், எந்தக் கடல், எந்த மாதம் என்று கேட்டுக்கொள்வது நலம்.

இனி என் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்தாண்டுகளுக்கு முன் என் தாயாரை இராமேசுவரம் அழைத்துச் சென்றேன். அவள் விரும்பியது ஒன்றே ஒன்றுதான்: அதிகாலையில் ஸ்படிக லிங்க தரிசனம். அது காலை 5 மணியளவில் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நானோ படத்தைப் பார்த்து மயங்கி, தென்னந்தோப்புக்கு நடுவே இருந்த ஒரு விடுதியில் அறை பேசிவிட்டேன். கோயிலுக்குப் பத்து நிமிடப் பயணம் என்றார்கள். பகலில் அது உண்மைதான். விடியற்காலை நாலரை மணிக்குச் சாலையில் நின்று பார்த்தபோதுதான் அந்தப் பத்து நிமிடத்தின் விலை தெரிந்தது. ஓர் ஆட்டோவும் இல்லை. ஒன்று அகப்பட்டுக் கோயில் வாசலில் இறங்கியபோது ஐந்தரை ஆகிவிட்டது. வரிசையோ பிரகாரம் வரை நீண்டிருந்தது. நாங்கள் சந்நிதியை அடைவதற்குள் லிங்கத்தை எடுத்து வைத்துவிட்டார்கள்.

பிறகு அக்கினி தீர்த்தத்தில் மூழ்கி, உள்ளே இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடினாள். ஈர உடையோடு சந்நிதிக்குள் செல்லலாகாது. மாற்றுப் புடவையை விடுதியிலேயே விட்டுவந்த மடமை என்னுடையது. நனைந்த புடவையோடு, கடற்காற்றில், ஆட்டோவில் திரும்பினோம். மாலையில் தரிசனம் நன்றாகவே கிடைத்தது. ஆனால் மறுநாள் அதிகாலை அவளுக்குக் குளிர் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. அன்று பகலே எங்கள் ரயில். "போகட்டும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்" என்றாள். அடுத்த தடவை வாய்க்கவில்லை.

ஆதலால் வயதானவர்களோடு தீர்த்த யாத்திரையாகச் செல்லும் குடும்பத்தார்க்கு என் சொல் ஒன்றே: கோயிலைச் சுற்றிய ரத வீதிகளிலோ சன்னதித் தெருவிலோ தங்குங்கள். கிழக்குக் கோபுர வாசலிலிருந்து அக்கினி தீர்த்தம் கூப்பிடு தூரம். நீராடிவிட்டு அறைக்கு நடந்து வந்து, உலர்ந்த உடை மாற்றி, ஒரு வாய் காபி குடித்துவிட்டுத் தரிசனத்துக்குப் போகலாம். வெளிப் பிரகாரம் கிழக்கு மேற்காக 690 அடி, தெற்கு வடக்காக 435 அடி என்பர். ஒரு சுற்று வந்தாலே 2250 அடி ஆகிவிடும். அதன் 1212 தூண்களின் அழகைக் கண்டு பிள்ளைகள் ஓடுவார்கள். பாட்டிமார் அப்படி ஓட முடியுமா? கோயிலுக்குள்ளேயே இவ்வளவு நடை இருக்கும்போது, கோயிலுக்கு வரும் நடையையாவது குறைத்துக் கொடுப்பதே முறை.

அங்கே தேவஸ்தானத்தின் விடுதிகள் உண்டு. பலவகைச் சமூகத்தாரின் சத்திரங்களும் மடங்களும் உண்டு. தனியார் விடுதிகளுக்கும் குறைவில்லை. கடலோரமும் வேண்டும், கோயிலும் அருகில் வேண்டும் என்போர்க்குத் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு அக்கினி தீர்த்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சத்திரங்கள் மலிவு, ஆனால் சிலவற்றில் படுக்கை, வெந்நீர் முதலியவற்றை எதிர்பார்க்கலாகாது. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் ஊர் நிரம்பி வழியும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் திரளாக வருவர். அந்நாட்களில் முன்பதிவின்றிப் போவது, குடும்பத்தைத் தெருவில் நிறுத்துவதற்குச் சமம். படத்தையும் நட்சத்திரங்களையும் பார்ப்பதோடு நில்லாமல், தொலைபேசியில் கூப்பிட்டுத் தெருவின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால், இடம் தொலைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி, தெருச் சந்தடி வேண்டாம், தென்னையும் கடலும் வேண்டும் என்று விரும்பும் இளங்குடும்பத்தார் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்குத் தீவின் மேற்குப் பகுதி ஏற்றது. பாலம் இறங்கியதும் பாம்பன், அடுத்து அக்காள்மடம், அதற்கடுத்துத் தங்கச்சிமடம், பிறகுதான் இராமேசுவரம். இந்த ஊர்ப் பெயர்களையே பாருங்கள். மடம் என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். சேதுபதி மன்னர் ஒருவர் தம் பெண்கள் இருவரையும், இத்தீவை நிருவகித்த தண்டத்தேவர் என்பவருக்கே மணம் முடித்துக் கொடுத்தாராம். அந்த மருமகன் சேதுவுக்கு வரும் யாத்திரிகரிடம் மன்னர் அறியாமல் வரி வசூலித்தானாம். மன்னர் மருமகன் என்றும் பாராமல் அவனுக்கு மரண தண்டனை விதித்தார். பெண்கள் இருவரும் தீப்பாய்ந்து உயிர் விட்டனர். அவர்கள் நினைவாக எழுந்தவையே இரண்டு மடங்கள் என்று அப்பக்கத்தார் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கதையில் எவ்வளவு வரலாறு என்பது ஒருபுறம் இருக்கட்டும். யாத்திரிகன் மடியில் கைவைத்த பாவத்துக்கு, யாத்திரிகனுக்கு நிழல் கட்டிக் கொடுப்பதே கழுவாய் என்று அந்நாளில் கருதியிருக்கிறார்கள். இன்று அமாவாசை தோறும் வாடகையை மும்மடங்கு ஆக்கும் விடுதிக்காரர்கள் அவ்வூர்கள் வழியாகத்தான் தினமும் போய் வருகிறார்கள்.

தங்கச்சிமடத்தில் தங்கினால், கடலுக்குள்ளேயே நன்னீர் ஊறும் வில்லூண்டித் தீர்த்தம் பக்கம். பாம்பனில் தங்கினால் பிள்ளைகளுக்குப் பாலமே பெரும் வேடிக்கை. 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறந்த பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரில் ஓய்வு பெற்றது. நடுப்பகுதி செங்குத்தாக மேலெழும்பும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. சாலைப் பாலம் வந்தது 1988இல்தான். அதற்கு முன் ரயிலை விட்டால் படகு. பாம்பனை அடுத்த குந்துகால் துறையில் 1897 ஜனவரி 26ஆம் நாள் மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கரையிறங்கினார்; அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. கோயிலுக்கு அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர். சொந்த வண்டி இருப்பவர்க்கு அது தூரமன்று. ரயிலில் போய் ஆட்டோவை நம்புவோர்க்கு, என் தாயார் கதைதான்.

பிள்ளைகள் அடுத்தபடி கேட்பது தனுஷ்கோடி. "அங்கேயே ஓர் இரவு தங்கினால் என்ன?" என்று நம் அன்பரின் மகனும் கேட்டானாம். தங்க முடியாது. ஒரு காலத்தில் தங்கினார்கள். சென்னையிலிருந்து போட் மெயில் வந்து நின்ற ஊர் அது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், மாதா கோயில் யாவும் அந்த மணல் திட்டின்மேல் இருந்தன. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு புயல் எழுந்து, கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து அன்றிரவு புறப்பட்ட பாசஞ்சர் ரயில், நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலையில் மறைந்தது. அதன்பின் அரசாங்கம் அவ்வூரை மக்கள் வாழத் தகாத இடமென்று அறிவித்துவிட்டது. இடிந்த மாதா கோயிலைச் சுற்றி மீனவர் குடிசைகள் சில உண்டு. 2017ஆம் ஆண்டு முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலையும் உண்டு. ஆனால் வருவோர் பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும். போகும் வழியில் கோதண்டராமர் கோயிலைப் பாருங்கள். அந்தப் புயலில் நிலைத்து நின்ற கட்டடம் அது. இளங்காலையில் போனால் வெயிலும் இராது, கூட்டமும் இராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாலத்துக்கு இப்பால் மண்டபம். அறை வாடகை அங்கே சற்றுக் குறைவு என்று சிலர் தங்குகிறார்கள். மண்டபம் முகாம் என்ற பெயர்ப் பலகையைக் கண்டால் ஒரு கணம் நின்று போங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளரைக் கடல் கடத்துமுன் தடுத்து வைத்துப் பரிசோதித்த இடம் அது. பின்னாளில் இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடி வந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் அதுவே இருப்பிடமாயிற்று. ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கும் நமக்கு, அறையைத் தேர்ந்தெடுக்கும் பாக்கியமாவது கிடைத்திருக்கிறது.

நம் அன்பர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். இரண்டு இரவு சன்னதித் தெருவிலும், ஓர் இரவு பிள்ளைகளுக்காகப் பாம்பனிலும் என்று முடிவாயிற்று. கோயில் பக்கத்துச் சத்திரமொன்றுக்கு அங்கேயே நின்று தொலைபேசியில் கூப்பிட்டார். தெருப் பெயரைத் தயங்காமல் சொன்னார்களாம். அவர் முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"அறை இருக்கிறதாம், அண்ணாச்சி. ஆனால் இரண்டாம் மாடி, மின்தூக்கி கிடையாதாம்."

"அம்மா படி ஏறுவார்களா?"

"கடையில் ஏழு படி ஏறுவதற்கே இரண்டு தரம் நிற்பாள்" என்றவர், மறுபடியும் எண்ணை அழுத்திக் கீழ்த்தளத்தில் ஏதாவது அறை உண்டா என்று கேட்கத் தொடங்கினார்.