லண்டனில் ஒரு டிசம்பர் விடுமுறை

கடல் கடந்து வாழும் நம் குடும்பங்கள் என்றதும் துபையும் ஜித்தாவும்தாம் நினைவுக்கு வரும். அங்கெல்லாம் நோன்பும் பெருநாளும் ஊர் முழுமைக்கும் பொதுவானவை. ஊரே வேறொரு பண்டிகையில் திளைத்திருக்க, அந்த விடுமுறையைத் தம் வீட்டுக்குள் கழிக்கும் குடும்பங்களும் நம்மவருள் உண்டு. என் தங்கையின் குடும்பம் அத்தகையது. கிழக்கு லண்டனில், தமிழ்க் கடைகள் மிகுந்த ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறார்கள். மச்சான் மருத்துவமனையில் செவிலியர். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மதரஸாவில் விடுப்புப் பெற்று, அவர்களுடன் மூன்று வாரங்கள் தங்கும் வாய்ப்பை அல்லாஹ் எனக்கு அளித்தான்.

"லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரக் கூடாதா?" என்று ஆண்டுதோறும் உம்மா தொலைபேசியில் கேட்பார்கள். பள்ளிகள் மூடும் அந்த இரு வாரங்களில்தான் விமானக் கட்டணமும் உச்சத்தில் நிற்கிறது. நால்வர் வந்து திரும்பும் தொகையைக் கேட்டால் உம்மாவே வர வேண்டாம் என்பார்கள். ஆகவே தங்கை அதைச் சொல்வதேயில்லை.

அந்நாட்டின் குளிர்காலப் பகல் விந்தையானது. காலை எட்டு மணிக்குப் பின்னரே கதிரவன் எழுகிறான். மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்து விடுகிறான். பன்னிரண்டு மணி அளவில் லுஹர். இரண்டு மணிக்கு முன்பே அஸர். நான்கு மணிக்குள் மஃரிப். ஒரே உளூவில் மூன்று வக்தும் தொழுதுவிடலாம். ரமளானில் விடுபட்ட நோன்புகளைத் தங்கை இந்நாட்களில்தான் நோற்று முடிக்கிறாள். கோடையில் பதினெட்டு மணி நேரம் வரை நீளும் நோன்பு, இப்போது பத்து மணி நேரத்திற்கும் குறைவு. 1998, 1999, 2000 ஆகிய மூன்றாண்டுகளிலும் டிசம்பர் 25 ரமளானுக்குள்ளேயே அமைந்தது. 2030இலும் ஆண்டின் இறுதி வாரத்தில், இன்ஷா அல்லாஹ், ரமளான் தொடங்கும்.

நான் சென்ற முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல் காத்திருந்தது. விடுமுறைக்கு முன் பள்ளியில் நடக்கும் கிறிஸ்துமஸ் நாடகத்தில், எட்டு வயது மருமகளை மர்யம் (அலை) வேடத்திற்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். "காக்கா, நீங்கள் ஓதிக் கொடுப்பவர். விடலாமா கூடாதா, சொல்லுங்கள்" என்றாள் தங்கை. குழந்தையோ, "மாமா, மர்யம் (அலை) நம்மவர்கள்தானே? குர்ஆனில் அவர்கள் பெயரில் ஒரு சூராவே இருக்கிறதே?" என்றாள். எத்தனையோ மாணவர்களுக்கு அந்த சூராவை ஓதிக் கொடுத்திருக்கிறேன். அன்று உடனே பதில் வரவில்லை.

நம் ஈமானில் ஈஸா (அலை) அவர்கள் இறைத்தூதர். நாடகத்தின் பாடலோ அவர்களை இறைமகன் என்கிறது. அத்தகைய தூய பெண்மணியை வேடமிட்டு நடிப்பதையும் என் உள்ளம் ஏற்கவில்லை. பள்ளி வழிபாட்டிலிருந்தும் சமயப் பாடத்திலிருந்தும் பிள்ளையை விலக்கிக்கொள்ள இங்கிலாந்துச் சட்டம் பெற்றோருக்கு உரிமை தருகிறது. ஆயினும், எல்லாவற்றிலிருந்தும் விலக்கினால் பிள்ளை தனியே ஒரு மூலையில் அமர்ந்திருப்பாளே என்று தங்கை அஞ்சினாள். இறுதியில் அவளே ஆசிரியையிடம் சென்று, ஒளிக்காமல் காரணத்தை எடுத்துரைத்தாள். ஆசிரியை பொறுமையாகக் கேட்டார். பெத்லஹேம் பயணக் காட்சியை வாசித்துச் சொல்லும் பொறுப்பு குழந்தைக்குக் கிடைத்தது. அந்தப் பாடலின்போது அவள் பாட வேண்டியதில்லை என்றும் முடிவாயிற்று.

அன்றிரவு அவள் அந்த நீல முக்காட்டை நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதாள். அந்த அழுகையை நான் அற்பமாக எண்ணவில்லை. பேரீச்சமரத்தின் அடியில் மர்யம் (அலை) தனித்திருந்ததையும், காலடியில் நீரோடை ஓடியதையும், கனிகள் உதிர்ந்ததையும் அவள் உறங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அறவே விலகியிருக்க வேண்டும் என்றார் அங்குள்ள நண்பர் ஒருவர். இது வெறும் விளையாட்டுத்தானே என்றார் மற்றொருவர். ஊரில் பாயில் அமர்ந்தபடி இதற்குத் தீர்ப்புச் சொல்வது எளிது. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளி வாசல்வரை நடந்தபோது எனக்கு அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை.

டிசம்பர் 25 அன்று லண்டனில் பேருந்தும் இல்லை, இரயிலும் இல்லை. பெரிய கடைகள் அன்று திறக்கலாகாது என்று 2004ஆம் ஆண்டுச் சட்டமே உண்டு. நம் ஊரில் பந்த் நாளில்கூட ஓர் ஆட்டோவாவது கண்ணில் படும்! மச்சான் அன்று வேண்டிக் கேட்டு வேலையை ஏற்றிருந்தார். கிறிஸ்தவத் தோழர்கள் தம் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று. பெருநாளன்று அவருடைய முறையை அவர்கள் ஏற்பார்கள். இருள் விலகாத நேரத்தில், குளிரில் ஒரு மணி நேரம் நடந்தே மருத்துவமனைக்குச் சென்றார்.

பக்கத்து வீட்டில் மூதாட்டி ஒருவர் தனியே இருந்தார். பிள்ளைகள் தொலைவில். அஸர் தொழுதபின், முதல்நாளே சுட்டு வைத்திருந்த தம்மடையில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தங்கை அங்கே சென்றாள். நானும் குழந்தையும் உடன் சென்றோம். அவர் மின்ஸ் பை தட்டை நீட்டினார். பெயரில்தான் இறைச்சி, உள்ளே உலர்ந்த பழங்கள். ஆனால் மாட்டுக்கொழுப்பும் பிராந்தியும் சேர்வதுண்டு. நாங்கள் தயங்குவதைக் கண்டு, அவர் எழுந்து சென்று காலிப் பெட்டியைக் கொண்டுவந்து தங்கையிடம் கொடுத்தார். இரண்டும் இல்லாததாகப் பார்த்து, எங்களுக்கென்றே வாங்கி வைத்திருக்கிறார்!

குழந்தை பெட்டியின் எழுத்துகளை ஒன்றுவிடாமல் படித்து முடித்து, பிஸ்மில்லாஹ் சொல்லி ஒன்றை எடுத்துக்கொண்டாள். பிறகு அவர் பக்கத்தில் அமர்ந்து, பேரீச்சமரக் கதை தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றார் மூதாட்டி. மஃரிப் வரும்வரை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.