விரலுக்குத் திறக்கும் ஓவியம்

போற்றும் பொருளைத் தொட்டுப் பார்க்க விழைவது மனித இயல்பு. ஆயினும், பேணிக் காக்க வேண்டிய பொருளைப் பலர் தொட்டால் அது அழியும். ஒன்றோடொன்று பொருந்தாத இவ்விரண்டையும் தொடுதிரை ஓரளவு பொருந்தச் செய்துள்ளது.

நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரிலுள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் 'இரவுக் காவல்' என்னும் ஓவியம் உள்ளது. ரெம்பிராண்ட் 1642ஆம் ஆண்டு தீட்டி முடித்த இந்த ஓவியம் ஏறத்தாழ நான்கரை மீட்டர் அகலம் உடையது. 1975இல் ஒருவர் இதனைக் கத்தியால் கிழித்தார். 1990இல் மற்றொருவர் இதன்மீது அமிலம் தெளித்தார். இருமுறையும் ஓவியம் செப்பனிடப்பட்டது. இத்தகைய ஓவியத்தின் அருகே பார்வையாளரின் விரலை விட இயலாது என்பது வெளிப்படை.

ஆனால், 2022ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அருங்காட்சியகம் இவ்வோவியத்தின் மிக நுண்ணிய இலக்கமுறைப் படத்தை இணையத்தில் வெளியிட்டது. ஓவியத்தைப் பகுதி பகுதியாக 8,439 படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியின் துணையால் ஒன்றிணைத்தனர். அதில் 71,700 கோடி படப்புள்ளிகள் உள்ளன. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு ஒரு மில்லிமீட்டரில் 200இல் ஒரு பங்கே ஆகும். இரு விரல்களை விரிக்க விரிக்க, வீரனின் முகம் கண்ணாகி, கண் வண்ணத் திட்டாகி, அத்திட்டில் ஓடும் வெடிப்புகளும் புலப்படுகின்றன. ஓவியத்தின் எதிரே நிற்பவரும் காண இயலாத நுட்பம் இது.

விரலின் அசைவு படத்தை எவ்வாறு பெரிதாக்குகிறது? திரையின் கண்ணாடிக்கு அடியில் மின்சாரத்தைக் கடத்தும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வலைப்பின்னல் உண்டு. மனித உடலும் மின்கடத்தி ஆதலால், விரல் படும் இடத்தில் மின்தேக்கத்தின் அளவு மாறுகிறது. சாதாரணக் கையுறை அணிந்த விரலைத் திரை உணராததும் இக்காரணத்தாலேயே. இரு விரல்களுக்கு இடையிலான தொலைவு கூடும் விகிதத்தில் படமும் விரிகிறது. இவ்வகைத் திரையை இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் ஆய்வு செய்த ஈ. ஏ. ஜான்சன் 1965இலேயே விளக்கி எழுதினார். 2007இல் ஐபோன் வெளிவந்த பின்னர் அது மக்கள் கைகளில் பரவலாயிற்று.

இங்கு எண்ணிப் பார்க்கத்தக்க உண்மை ஒன்று உண்டு. விரலுக்குப் படத்தை விரிக்கும் ஆற்றல் உண்டேயன்றி, அதில் இல்லாததைப் படைக்கும் ஆற்றல் இல்லை. குறைந்த புள்ளிகளோடு பதிவான படத்தை விரித்தால் முகம் மங்கி, வெறும் வண்ணக் கட்டங்களே மிஞ்சும். ரெம்பிராண்டின் ஓவியம் விரலுக்குத் திறப்பது, 8,439 முறை படமெடுத்தவர்களின் பொறுமையினாலேயே.

நம் இல்லங்களிலும் ஆலயங்களிலும் உள்ள பழைய படங்களுக்கும் இது பொருந்தும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய தேரோட்டப் படத்தில் வடம் பிடித்து நிற்கும் பாட்டனாரின் முகத்தைப் பேரப்பிள்ளைகள் விரித்துக் காண விரும்புவர். அப்படத்தைக் கைப்பேசியில் அவசரமாகப் பிடித்து, செய்திச் செயலி வழியே அனுப்பி, அந்தப் பிரதியை மட்டும் வைத்திருந்தால் பயனில்லை. அச்செயலிகளுள் பல, அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடுகின்றன. சிறிய அச்சுப் படமாயின் அங்குலத்திற்கு 600 புள்ளிகள் அளவில் வருடி, சுருக்காத மூலக் கோப்பை இரண்டு இடங்களில் பாதுகாப்பது நலம். படத்தில் இருப்போர் பெயர்களையும் ஆண்டையும், அறிந்த முதியோர் நம்மிடையே உள்ளபோதே கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். முகத்தை விரல் பெரிதாக்கிக் காட்டும். பெயரை அதனால் சொல்ல இயலாது.